முசே விழுங்கிய மாங்கனி

கட்டிலுக்கு வெளியே ஆரோக்கியஜோசப்பின் இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன. மிச்ச உடம்பு, கையில் டார்ச்சோடு, கட்டிலுக்கடியில் மாங்கொட்டை தேடிக்கொண்டிருந்தது.

"கெடச்சுதா?" என்றாள் ஜோஸ்பின், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே.

"தோல் பிசிறு ஒண்ணு கெடக்கு. கொட்டையக் காணும்."

"எங்கயாச்சும் உருண்டு போயிருக்கும். விடுங்க."

"உருண்டு போறதுக்கு அது என்ன கோலிக்குண்டா?"

விவகாரத்துக்குக் காரணமான ஆள் பீரோ ஓரம் உட்கார்ந்து, நாக்கைத் தொங்கப்போட்டபடி, எஜமானின் பாதங்களை ரசித்துக்கொண்டிருந்தது. நாலு வயது லாப்ரடார். பெயர் முசே. ஜோஸ்பினின் பெரியப்பா ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கியவர். தெருவே அவரை முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிட்டது. அவர் போன பிறகு அந்தப் பட்டம் சும்மா கிடக்கிறதே என்று நாய்க்கு வைத்துவிட்டார்கள். பெரியப்பாவை அறிந்தவர்கள் பொருத்தமான பெயர்தான் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் சாப்பாட்டு வேளை ஒரு நிமிஷம் தவறக்கூடாது. அது தவிர இரண்டு பேரும் வேறு எதைப் பற்றியும் கவலைப்பட்டதில்லை.

ஜோசப் மின்துறையில் கிளார்க். தன்னுடைய பிரஷர் மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் ஆனாலும் அவருக்கு ஞாபகம் வராது. முசேயின் தடுப்பூசி அட்டையை மட்டும் லேமினேட் பண்ணி வைத்திருந்தார். பிரிட்ஜ் கதவில் அவரே கைப்பட எழுதி ஒட்டிய காகிதம் ஒன்று உண்டு. பூச்சி மருந்து எந்தத் தேதி, உண்ணிக்கு மருந்து எந்தத் தேதி, சாக்லேட் கூடாது, வெங்காயம் கூடாது, திராட்சை கூடாது, கோழி எலும்பு கூடவே கூடாது, காரில் ஏற்றுவதற்கு நாலு மணி நேரம் முன்பிருந்து சோறு கூடாது. எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில்: மாங்கொட்டை. குடல் அடைக்கும். உயிருக்கு ஆபத்து.

ஒரு நாய்க்கு இவ்வளவா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், தெருவில் குரலைத் தணித்துப் பதில் சொல்வார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். சென்னை வரைக்கும் போய்ப் பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியாகப் போய்விட்டு வந்த அன்று, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வரும்போதே, "போதும் ஜோஸ்பின். இனிமே நமக்குள்ள இந்தப் பேச்சே வேணாம்" என்றார் ஜோசப். அவளும் சரி என்றாள். அடுத்த மாதம் முசே வந்து சேர்ந்தது. ஆட்டோவுக்குள் பேசியது தெருவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. ஆட்டோக்காரர் இதே தெருதான்.

அன்றைக்குக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வர, வேண்டுதல் பலித்தவர்கள் மாடியிலிருந்து மாம்பழத்தை இறைக்க, கீழே நிற்கிற கூட்டம் பாய்ந்து பிடிக்கும். பிடித்த பழத்தைத் தின்றால் பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளை உண்டாகும் என்று நம்பிக்கை. எதிர்வீட்டுக் காசியம்மாவின் மருமகள் ராசாத்திக்கு நாலு வருஷமாக ஒன்றும் தங்கவில்லை. ஆகவே காசியம்மா விடிகாலையிலேயே இடம்பிடித்து, முந்தானையை மீன்வலை மாதிரி விரித்துக்கொண்டு நின்றாள்.

ஜோசப் நாயைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கவே மாட்டார். காலைக்கடனுக்கு வெளியே கூட்டிப்போய்த் திரும்பும்போது ஊர்வலம் முந்திக்கொண்டுவிட்டது. மேளச் சத்தம் அதன் காதுக்கு ஆகாதே என்று, பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் வைக்கப்போனார். அந்த ஒரு நொடி சங்கிலி கையை விட்டு நழுவியது.

பழம் வந்தது. காசியம்மாவின் முந்தானைக்கு ஒரு முழம் மேலே முசே எழும்பியது. கவ்வியது. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடியது. சப்பரத்தின் பின்னால் வந்த நாதஸ்வரக்காரர் ஒரு நொடி வாசிப்பை நிறுத்திவிட்டுத்தான் தொடர்ந்தார் என்கிறார்கள்.

"எம் பழம்! எம் பழம்!" என்று காசியம்மா ஜோசப்பின் சட்டையைப் பிடித்தவள், விடுவதற்குப் பத்து நிமிஷம் ஆனது. பிடித்த பிடியிலேயே மருமகளை விரட்டினாள். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? ஓடிப்போயி அது வாயிலேர்ந்து புடுங்கிட்டு வா!"

ராசாத்தி போனாள். வெறுங்கையோடு வந்தாள்.

இப்போது கட்டிலுக்கடியிலிருந்து ஒட்டடையோடு வெளியே வந்த ஜோசப், நேரே வாசலுக்குப் போனார்.

"ராசாத்தி, நீதானம்மா மொதல்ல உள்ள போனே? ஜோஸ்பின் பின்கட்டுல இருந்தாளாம். நாய் என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?"

வாரத்துக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத பெண் அது. மாமியாரைப் பார்த்தாள். கதவோரம் நின்ற ஜோஸ்பினைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"தின்னுடுச்சுண்ணே."

"கொட்டைய?"

"கொட்டையோடதான்."

"கடிச்சா, முழுசாவா?"

"முழுசா."

ஜோசப் பிரிட்ஜ் பக்கம் திரும்பினார். சிவப்பு மை கண்ணுக்குள் ஓடியது. ஜோஸ்பின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காசியம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, எங் குடும்பத்து வாரிசையே முழுங்கிட்டுதே!"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நெய்னா முகம்மது வந்தார். இருபத்தெட்டு வருஷம் ஜித்தாவில் இருந்தவர். உலகத்தில் நடக்கிற எதுவும் அங்கே ஏற்கெனவே அவர் கண்முன் நடந்திருக்கும்.

"பதறாத ஜோசப்பு. ஜித்தாவுல ஒரு ஒட்டகம் செருப்ப முழுங்கிடுச்சு. உப்புத்தண்ணியக் கரைச்சு ஊத்துனோம். ஜோடியா வெளிய வந்துது."

"வேணாங்க, அவன் நல்லாத்தான் இருக்கான்" என்றாள் ஜோஸ்பின்.

"நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கும். அப்புறம்தான் அடைக்கும்" என்று ஜோசப் ஒரு சொம்பு உப்புத்தண்ணி கலக்கினார். அவர் வாயைப் பிளக்க, பாய் எட்ட நின்று ஊற்றினார். முசே பொறுமையாக வாய் நிறைய வாங்கிக்கொண்டது. பிறகு தலையை ஒரு உதறு. அத்தனை தண்ணியும் எச்சிலோடு சேர்ந்து பாயின் வெள்ளைக் கைலியில் இறங்கியது.

"யா அல்லாஹ்! நாய் எச்சி பட்டா எங்க மார்க்கப்படி ஏழு தடவ கழுவணும். அதுல ஒரு தடவ மண்ணு போட்டு."

"மன்னிச்சுக்குங்க பாய்."

"கழுவிக்கலாம்ப்பா. உசிருல்ல பெருசு? டாக்டருக்குப் போனப் போடு."

ஊரில் திருவிழா விடுமுறை. தெற்கே வடக்கே விசாரித்து, எல்லை தாண்டித் தரங்கம்பாடிப் பக்கம் ஒரு நாய் டாக்டர் கிடைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் சொன்னது: "உப்புத்தண்ணி கிப்புத்தண்ணி ஊத்தித் தொலைச்சுடாதீங்க!"

ஜோசப் சொம்பைக் காலால் தள்ளிவிட்டார். "சேச்சே, இல்ல சார்."

"கக்கும்போது கொட்டை தொண்டையில மாட்டுனா மூச்சு நின்னுடும். உப்பு ஏறுனா அது வேற விஷம். சோறு, பாலு ஒண்ணும் குடுக்காதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க, எக்ஸ்ரே எடுத்துப் பாப்போம். கொட்டை தெரிஞ்சா வயித்த அறுத்துத்தான் எடுக்கணும்."

உடனே என்றால் எப்படி? பாயின் காரை எடுக்க வேண்டும். தெருவை ஊர்வலமும் அதன் வாலும் அடைத்துக்கொண்டிருந்தன. கூட்டம் கலைய இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் மணி பன்னிரண்டரை ஆனது. அது முசேயின் சாப்பாட்டு வேளை. தட்டு வரவில்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு மெல்ல முனகியது. ஒரு மணிக்கு மூக்கை உத்தரத்துக்குத் தூக்கி ஊளையிட்டது.

"பாத்தியா, வலி தாங்கல அவனுக்கு" என்றார் ஜோசப், கண் கலங்க.

"பசிங்க அது."

"பதினோரு மணி வரைக்கும் நல்லா இருந்தவன். இப்ப ஊளை விடுறான்னா என்ன அர்த்தம்?"

"ஒரு மணி ஆச்சுன்னு அர்த்தம்."

"ஒனக்கு எல்லாமே வெளையாட்டு!"

ஊளை தெருமுனை வரைக்கும் கேட்டது. காலையில் நாயைச் சபித்தவள் காசியம்மா. ஊளையைக் கேட்டதும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாமி பழத்தைத் தின்ற ஜீவன் செத்தால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? ஏற்கெனவே நாலு வருஷமாக ஒன்றும் தங்காத வீடு. திருநீற்று மடலோடு ஓடிவந்து, முசேயின் நெற்றியில் மூன்று விரலால் பட்டை போட்டாள். "சாமி, நான் வாய்தவறி ஏசிட்டேன். பழத்துக்கு நாங்க வழக்காடல. நீ நல்லாரு."

முசே திருநீற்றை நக்கப் பார்த்தது, நாக்கு எட்டவில்லை. பின்னால் நின்ற ராசாத்தி பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். பழம் போன துக்கம் அவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது போல என்று எல்லோரும் தேற்றினார்கள். தேற்றத் தேற்ற அதிகமாக அழுதாள்.

இரண்டு மணிக்குத் தெரு திறந்தது. பாய் பின்சீட்டில் தார்ப்பாய் விரித்தார். அதன்மேல் பழைய போர்வை. அதன்மேல் பேப்பர். ஜோசப் முசேக்கு மார்ப்பட்டை மாட்டி, அதைக் கார் பெல்ட்டோடு இணைத்து, ஜன்னலை நாலு விரல் மட்டும் இறக்கி, தண்ணீர்க் கிண்ணம், டவல், தடுப்பூசி அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். செருப்புதான் போட மறந்துவிட்டார். ஜோஸ்பின் முன்சீட்டில் ஏறி, வழி முழுக்க ஜபமாலையைத் திருகிக்கொண்டு வந்தாள்.

கோட்டுச்சேரி தாண்டுவதற்குள் முசேயின் வாயில் நுரை கட்டியது. ஒரு விக்கல். இரண்டாவது விக்கலில் தார்ப்பாய், போர்வை, பேப்பர் மூன்றையும் தவிர்த்து, நேரே பாயின் சீட்டு முதுகில் வாந்தி.

"மஞ்சளா இருக்கு!" என்று அலறினார் ஜோசப். "மாம்பழக் கலரு! ஜோஸ்பின், மாம்பழம்தான்!"

ஜோஸ்பின் திரும்பிப் பார்க்கவில்லை. ஜபமாலை மட்டும் வேகம் பிடித்தது.

பாய் கண்ணாடியில் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டார். "இது வேற ஏழு."

பூவம் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே காவல் நிற்கிறவர்களுக்கு, சரக்கு மலிவான காரைக்காலிலிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியும் ஒரு பாட்டில் கடை. கட்டைமீசைக் காவலர் ஒருவர் காரை ஓரங்கட்டச் சொன்னார்.

"பின்னாடி என்ன?"

"நாய்" என்றார் பாய்.

"நாய்க்கு அடியில?"

"பேப்பர்."

"பேப்பருக்கு அடியில?"

"போர்வை. அதுக்கடியில தார்ப்பாய். என்னப் பாத்தா சரக்கு கடத்துற ஆளாவா தெரியுது? ரெண்டு ஹஜ்ஜு பண்ணுனவன் நான்!"

அதோடு விட்டிருந்தால் அனுப்பியிருப்பார். ஜோசப்புக்கு அவசரம். "சார், வெளியில ஒண்ணும் இல்ல சார். இருக்கறதெல்லாம் அவன் வயித்துக்குள்ளதான்!"

காவலர் கட்டைமீசையைத் தடவினார். பலாப்பழத்துக்குள் பாட்டில் பார்த்திருக்கிறார். தொட்டிலுக்குள் குழந்தைக்குப் பதிலாகப் பாட்டில் பார்த்திருக்கிறார். நாய் வயிறு புதுசு.

"எறக்குங்க அத."

"மாங்கொட்டை சார்!"

"எறக்குங்கன்னேன்ல?"

பெல்ட்டைக் கழற்றியதுதான் தாமதம். எதிரே டீக்கடையில் வடை வெந்துகொண்டிருந்தது. முசே பாய்ந்தது. ஜோசப் வெறுங்காலோடு பின்னால், அவருக்குப் பின்னால் காவலர், அவருக்குப் பின்னால் கைலியை மடித்துக்கட்டிய பாய். ஒரு லாரி கீச்சென்று நின்றது. டீக்கடையை இரண்டு சுற்று, பெட்டிக்கடையை ஒரு சுற்று.

"கொடல் அடைச்ச நாயி இந்த ஓட்டம் ஓடுமா ஜோசப்பு?" என்றார் பாய், மூச்சிரைக்க.

"வலி தாங்காம ஓடுறான் பாய்!"

கடைசியில் டீக்கடைக்காரர்தான் வடைக் கரண்டியைக் காட்டி அதை உட்காரவைத்தார். நெற்றியில் பட்டையோடு கும்பிடுகிற மாதிரி முன்காலைத் தூக்கிய முசேயைப் பார்த்ததும் காவலருக்கு என்ன தோன்றியதோ. "போங்க, போங்க. மொதல்ல வைத்தியத்தப் பாருங்க" என்று வழிவிட்டார்.

டாக்டர் இளவயசு. பொறுமைசாலி. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எச்சில் வழிவது, வாந்தி, ஊளை, ஓட்டம் எல்லாவற்றையும் ஜோசப் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எக்ஸ்ரே எடுத்து, படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

நடு வயிற்றில், நீள்வட்டமாக, ஒரு நிழல்.

"மாங்கொட்டை அளவுதான் இருக்கு" என்றார் டாக்டர்.

ஜோசப் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அது முட்டை" என்றாள் ஜோஸ்பின்.

எல்லோரும் திரும்பினார்கள். முசேகூடத் திரும்பியது, அந்தச் சொல் அதற்குத் தெரியும்.

"அவிச்ச முட்டை. கெளம்பும்போது பின்கட்டுல வச்சு ரெண்டு குடுத்தேன். மெல்லாம முழுங்கிட்டான். ஒண்ணு கார்ல வந்துடுச்சு. இது இன்னொண்ணு."

"டாக்டர் சோறு, பாலு ஒண்ணும் குடுக்காதேன்னாரு!"

"பசியில அழுதாங்க அவன்."

"கார்ல ஏத்துறதுக்கு முன்னாடி சோறு போடக்கூடாதுன்னு பிரிட்ஜுல எழுதி ஒட்டியிருக்கேன்ல ஜோஸ்பின்? ஒனக்கு அவன்மேல கொஞ்சமாச்சும் அக்கறை இருக்கா?"

அவள் கைப்பையைப் பாயின் மடியில் வைத்துவிட்டு, முசேயின் பக்கத்தில் போய் நின்றாள்.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "முட்டையா இருந்தா ராத்திரிக்குள்ள கரைஞ்சுடும். மாங்கொட்டையா இருந்தா அதுக்குள்ள கொடல்ல எறங்கி அடைச்சுக்கலாம். ஸ்கேன் மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு. முழுங்குனத நேர்ல பாத்தவங்க இருக்காங்கன்னு சொல்றீங்க. வாந்தியும் எடுத்திருக்கான். நீங்க சம்மதிச்சா வயித்தத் தெறந்து எடுத்துடலாம். மயக்க மருந்து குடுக்குறதுல ஆபத்தே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். முடிவு நீங்கதான் சொல்லணும்." ஒரு தாளை ஜோசப்பின் முன்னால் வைத்தார்.

"போடாதீங்க" என்றாள் ஜோஸ்பின். "கையெழுத்துப் போடாதீங்க. அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

"எப்படித் தெரியும் ஒனக்கு?"

அவள் முசேயின் நெற்றிப் பட்டையை விரலால் துடைத்தாள்.

"கேக்குறேன்ல? எப்படித் தெரியும்?"

அவள் மேசைமேல் கிடந்த முசேயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முசே இந்த நாளில் முதல்முறையாகத் தனக்குக் கிடைத்த நல்ல கவனிப்பு என்று அவள் காதை நக்கியது.

"ஜோஸ்பின்." ஜோசப்பின் குரல் இறங்கிவிட்டது. "நமக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான். இவனையும் விட்டுட்டா வீட்டுக்குள்ள எப்படிப் போறது?"

அவள் தோள் குலுங்கியது. டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பாய் கைலியில் காயாத கறையைப் பார்த்தார். ஜோசப் பேனாவைத் திறந்து, கோட்டுக்கு மேல் வைத்து, 'ஆ' என்று முதல் எழுத்தை எழுதினார். அடுத்த எழுத்துக்குப் போகுமுன் முசேயை ஒருமுறை பார்த்தார்.

அப்போது ஜோஸ்பினின் கைப்பையில் போன் அடித்தது. பை பாயின் மடியில் இருந்தது. நிற்காமல் அடிக்கவே எடுத்தார். எந்தப் பட்டனை அமுக்கினாரோ, மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. மூச்சு வாங்க, அழுகையும் அவசரமுமாக, அந்தத் தெருவில் யாரும் அதுவரை அவ்வளவு உரக்கக் கேட்டிராத ராசாத்தியின் குரல்:

"அக்கா, அந்தப் பழத்த நம்ம ரெண்டு பேரும் கழுவி ஆளுக்குப் பாதியாத் தின்னத எங்க அத்தைக்கிட்ட நான் சொல்லிட்டேன், நாய அறுக்கறதுக்குள்ள நீங்களும் அண்ணன்கிட்ட சொல்லிடுங்கக்கா!"